மின்சாரக் கார் வாங்கினால் அன்றாடம் எப்படி இருக்கும்?

கேள்வி இதுதான்: மின்சாரக் காரின் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் போகும் தூரம்), சார்ஜ் ஏறும் நேரம், மோட்டாரின் திறன் எல்லாம் விளம்பரத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் வாங்கி வருடக்கணக்கில் வைத்து ஓட்டும்போது தினப்படி எப்படி இருக்கும்? எதற்கெல்லாம் பழகிக்கொள்ள வேண்டும், எதற்கெல்லாம் பயப்படத் தேவையில்லை? சில வருடங்களாக எங்கள் வீட்டில் மின்சாரக் கார் மட்டும்தான். பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படிக்கும் பழக்கமும் எனக்கு உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் உடனே பிடிபடாது. பெட்ரோல் காரில் நடப்பதெல்லாம் ஓடும்போது நடக்கிறது. நிறுத்திப் பூட்டிவிட்டால் அப்புறம் அதில் யோசிக்க எதுவும் இல்லை. மின்சாரக் காரில் முக்கியமான காரியங்களில் பாதி, வண்டி நிற்கும்போது நடக்கிறது. சார்ஜ் ஏறுவது நிற்கும்போது. பேட்டரிக்கு வயதாவதில் பெரும்பங்கு நிற்கும்போது. உள்ளே குளிரவைப்பதைக்கூடக் கிளம்புவதற்கு முன்பே, நிற்கும்போதே செய்துகொள்வது நல்லது. ஆகவே என்னிடம் யாராவது "எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்று கேட்டால், "ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். மற்றதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரம் என்பது ஒரு கிலோவாட் மணி. நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் 100 கிமீ ஓட ஏறக்குறைய 14 முதல் 18 யூனிட் எடுக்கும். 230 வோல்ட் இருக்கும் இடத்தில் சாதாரண பிளக்கிலிருந்து 10 ஆம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாட். ராத்திரி 9 மணி நேரம் விட்டால் சுமார் 20 யூனிட். வழியில் வீணாவது போக 17, 18 யூனிட் பேட்டரிக்குள் சேரும். அதை வைத்து 100 கிமீக்கு மேல் ஓட்டலாம். பெரும்பாலானோர் ஒரு நாளில் ஓட்டுவது இதில் பாதிகூட இருக்காது. 120 வோல்ட் நாடுகளில் சாதாரண பிளக் ஏறக்குறைய 1.4 கிலோவாட்தான் தரும். அங்கே ஒரு ராத்திரிக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் சேரும். சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் சார்ஜர் வைத்துக்கொண்டால் 60 யூனிட் பேட்டரிகூட ஒரே ராத்திரியில் காலியிலிருந்து நிரம்பிவிடும்.

"சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?" என்ற கேள்வி வீட்டில் பிளக் உள்ளவருக்கு இரண்டாவது வாரமே மறந்துபோகும். பிளக்கைச் செருக அரை நிமிடம், எடுக்க அரை நிமிடம். நடுவில் நீங்கள் தூங்குகிறீர்கள். காலையில் எப்போதும் போதிய சார்ஜோடு வண்டி நிற்கும் என்ற நிம்மதி, பெட்ரோல் காரில் எனக்குக் கிடைத்ததே இல்லை. இந்த ஒன்றுக்காகவே நான் பழையபடி திரும்ப மாட்டேன்.

ஆனால் வீட்டிலும் பிளக் இல்லை, வேலை செய்யும் இடத்திலும் இல்லை என்றால் நிலைமை தலைகீழ். அப்போது சார்ஜ் போடுவது ஒரு தனி வேலையாகிவிடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை பொது சார்ஜருக்குப் போக வேண்டும், அது காலியாக இருக்க வேண்டும், பழுதில்லாமல் இருக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே வாரம்தோறும் ஒரு மணி நேரம் செலவிடும் இடத்தில் சார்ஜர் இருந்தால் சமாளிக்கலாம். அதற்காகவே தனியாகக் கிளம்பிப் போக வேண்டுமென்றால், வெளிப்படையாகச் சொல்கிறேன், இப்போதைக்கு வாங்க வேண்டாம். சில மாதங்களில் அலுத்துப்போகும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், வண்டியை புக் செய்வதற்கு முன்பே சார்ஜர் பொருத்த அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சுவார்த்தைக்கு எடுக்கும் காலம், வண்டி கைக்கு வரும் காலத்தைவிட அதிகமாக இருப்பதுண்டு.

வீட்டு பிளக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கெட்டிலோ இஸ்திரிப் பெட்டியோ அதே அளவு மின்சாரம் இழுத்தாலும் சில நிமிடங்களில் அணைந்துவிடும், அல்லது விட்டுவிட்டு இழுக்கும். கார் மணிக்கணக்கில் இடைவிடாமல் இழுக்கும். பழைய, தளர்ந்த பிளக் பாயிண்ட் அதில் சூடேறி உருகும். நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சுருட்டிய நிலையிலேயே வைத்துச் சார்ஜ் போடுவது இன்னும் ஆபத்து. வெப்பம் வெளியேற வழியில்லாமல் சுருளுக்குள்ளேயே தேங்கும். மீட்டரிலிருந்து காருக்கென்றே தனி வயர், சரியான எர்த், கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பிரேக்கர் — இந்த மூன்றும் இல்லாமல் தினமும் சார்ஜ் போடாதீர்கள். எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் தாமாகவே மறுத்துவிடும். "வண்டியில் கோளாறு" என்று வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் வீட்டு எர்த் பிரச்சினைதான். புதிதாக சார்ஜ் போடத் தொடங்கிய முதல் சில நாட்கள், ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை; கையை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மெதுவாகச் சார்ஜ் போட்டால் மின்சாரம் மிச்சமாகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலும் அது உண்மையில்லை. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்க வண்டியின் கணினிகளும் பம்புகளும் விழித்திருக்கும். அவை எடுக்கும் சில நூறு வாட், மொத்தமே 2 கிலோவாட் வரும்போது பெரிய பங்கு, 7 கிலோவாட் வரும்போது சிறிய பங்கு. இன்னொன்று: சுவர் சார்ஜரின் திறனைவிட வண்டிக்குள் இருக்கும் சார்ஜரின் திறன்தான் உச்சவரம்பு. வண்டி 7 கிலோவாட்தான் வாங்கும் என்றால் 22 கிலோவாட் சார்ஜர் கம்பத்தில் செருகினாலும் 7தான் ஏறும். நெடுஞ்சாலை வேக சார்ஜருக்கு இந்த வரம்பு இல்லை, அது நேராக பேட்டரிக்கே மின்சாரம் தருகிறது.

இனி பேட்டரி. எல்லோருக்கும் பெரிய பயம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு விதமாக வயதாகும். ஒன்று, சார்ஜ் ஏறி இறங்கும் சுற்றுகளால். இன்னொன்று, காலத்தால்: சும்மா நின்றாலும் உள்ளே மெதுவான வேதிவினைகள் நடந்துகொண்டே இருக்கும். 60 யூனிட் பேட்டரியில் ஒரு முழுச் சுற்றுக்கு 350 கிமீ என்று வைத்தால், ஆயிரம் சுற்றுக்கு மூன்றரை லட்சம் கிமீ ஆகிறது. சாதாரணக் குடும்பம் அவ்வளவு தூரம் ஓட்டப் பல வருடங்கள் பிடிக்கும். ஆகவே நம்மில் பலருக்குச் சுற்றுகளைவிடக் காலம்தான் பெரிய எதிரி. காலத்தோடு கூட்டுச் சேர்ந்து வேலை செய்வன இரண்டு: வெப்பம், முழு சார்ஜ். நன்றாக நிரம்பிய பேட்டரியைக் கொளுத்தும் வெயிலில் நாள்கணக்கில் நிறுத்திவைப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். ஓட்டுவது கெடுதல் இல்லை. நிழல் கிடைத்தால் நிழலில் நிறுத்துங்கள்.

இதில் பேட்டரியின் வகையைத் தெரிந்துகொள்வது அவசியம். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி வகை என்றால், தினசரி வரம்பை 80 சதவீதத்தில் வைத்துவிட்டு, நீண்ட பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 100 வரை ஏற்றுங்கள். அதையும் கிளம்பும் நேரத்தில் முடியும்படி டைமர் வைத்தால், நிரம்பிய நிலையில் சும்மா நிற்கும் நேரம் குறையும். இரும்பு பாஸ்பேட்டால் ஆன எல்எஃப்பி வகை நிறையச் சுற்றுகளைத் தாங்கும். ஆனால் அதன் வோல்டேஜ், சார்ஜ் நிறைய இருந்தாலும் குறைவாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். அதை வைத்து மீதி எவ்வளவு என்று கணிக்க வண்டிக்குக் கஷ்டம். அதனால்தான் எல்எஃப்பி வண்டிகளை வாரம் ஒருமுறையாவது 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள். உச்சியைத் தொட்டால் கணக்கு நேராகிவிடும். அப்படிச் செய்யாமல் விட்டால் 15 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த எண் திடீரென்று சரியும். உங்கள் வண்டியில் எந்த வகை என்பதைக் கையேட்டில் பாருங்கள். நண்பர் சொன்ன விதி நண்பரின் வண்டிக்கு.

பேட்டரிக்குக் குளிர்விப்பு எப்படி என்பதும் முக்கியம். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. வெயில் கடுமையான ஊர்களில் அந்த வண்டிகளின் கொள்ளளவு சில வருடங்களிலேயே கண்கூடாகக் குறைந்தது. "பேட்டரி சீக்கிரம் போய்விடும்" என்ற பேச்சுக்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் பேட்டரிக்கு அடியிலோ பக்கத்திலோ குளிர்விக்கும் திரவம் ஓடுகிறது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சில சமயம் ஃபேன் சத்தமோ பம்பு சத்தமோ கேட்டால் பயப்பட வேண்டாம், பேட்டரியைக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறது. பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிமீ, அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்று உத்தரவாதம் தருகின்றன. முதல் ஒன்றிரண்டு வருடங்களில் சில சதவீதம் குறைவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அந்தத் தொடக்கச் சரிவு அப்புறம் தணிந்து, நிதானமாகிவிடுவதுதான் வழக்கம்.

ரேஞ்சைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது ஒரே ஒரு ஒப்பீடு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அப்படியானால் 60 யூனிட் பேட்டரி என்பது ஏழு லிட்டருக்கும் குறைவான பெட்ரோல். அவ்வளவு சிறிய டேங்க்கை வைத்துக்கொண்டு 350 கிமீ போகிறது. பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெப்பமாக வெளியே விடுகிறது. மின்மோட்டார் பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. இதனால்தான் சின்ன விஷயம்கூட மின்சாரக் காரில் கண்ணுக்குத் தெரிகிறது. எதிர்க்காற்று, மழைத் தண்ணீர் நிற்கும் சாலை, கூரைமேல் கட்டிய சாமான், டயரில் குறைந்த காற்று, எல்லாம் பெட்ரோல் காரிலும் செலவுதான். ஆனால் அங்கே ஏற்கெனவே வீணாகிற பெரிய தொகையில் அது கரைந்துபோகும். இங்கே ரேஞ்ச் எண்ணில் நேராக வந்து நிற்கும்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 100லிருந்து 120க்குப் போனால் காற்று தள்ளும் விசை 44 சதவீதம் அதிகம். நகரத்துக்குள் மெதுவாக ஓட்டும்போது நிறுவனம் சொன்ன ரேஞ்சையே தாண்டிவிடலாம். நெடுஞ்சாலையில் அது கிடைக்காது. பெட்ரோல் காரில் மைலேஜ் நெடுஞ்சாலையில்தான் நன்றாகக் கிடைக்கும் என்று பழகியவர்களுக்கு இது புதிது. அறிவிக்கப்பட்ட ரேஞ்ச் எந்தச் சோதனை முறைப்படி என்றும் பாருங்கள். ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி எண்ணைவிட அமெரிக்காவின் ஈபிஏ எண் பொதுவாகக் குறைவாக, நெடுஞ்சாலை நிஜத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். நான் போடும் கணக்கு எளிது: 400 கிமீ என்று டபிள்யூஎல்டிபி சொன்னால் நெடுஞ்சாலையில் 300 என்று வைத்துக்கொள்கிறேன். முழு சார்ஜோடு கிளம்பினால் முதல் நிறுத்தம் 250 கிமீ வாக்கில். அதற்கப்புறம் 15க்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில்தான் ஓட்டப்போகிறோம் என்பதால், நிறுத்தத்துக்கு நிறுத்தம் 200 கிமீ. அது உங்கள் பயணங்களுக்குப் போதுமா என்று பாருங்கள். போதுமென்றால் அந்த வண்டி போதும்.

ஏசி போட்டால் ரேஞ்ச் போய்விடுமா என்று கேட்பார்கள். வெயிலில் நின்ற வண்டியைக் குளிரவைக்க முதல் சில நிமிடங்கள் 3 கிலோவாட் வரை போகலாம். குளிர்ந்தபின் ஏறக்குறைய ஒரு கிலோவாட். மணிக்கு 100 கிமீ வேகத்தில் அது 100 கிலோமீட்டருக்கு ஒரே ஒரு யூனிட். மணிக்கு 20 கிமீ வேகத்தில் ஊர்ந்தால் அதே தூரத்துக்கு 5 யூனிட், ஏனென்றால் தூரம் அதேதான், ஏசி ஓடும் நேரம் ஐந்து மடங்கு. சரி, நெரிசலில் மாட்டிக்கொண்டால்? 60 யூனிட் பேட்டரியில் 40 சதவீதம் மீதி என்றால் 24 யூனிட். ஏசியும் மின்னணுக் கருவிகளும் சேர்ந்து ஒன்றரை கிலோவாட் எடுத்தாலும் 16 மணி நேரம் வரும். நெரிசலில் சார்ஜ் தீர்ந்து நிற்போம் என்ற பயம் தேவையற்றது. குளிர்நாடுகளில் கதை வேறு. எஞ்சினின் வீணான வெப்பம் இல்லாததால் உள்ளே சூடாக்கவே 4, 5 கிலோவாட் போகும்; அங்கே ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்து, குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் கருவி) உள்ள வண்டியைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு சூழலுக்கும் ஒரே வழி, கிளம்பப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு, பிளக் செருகியிருக்கும்போதே செயலியில் ஏசியையோ ஹீட்டரையோ போட்டுவிடுவது. அதற்கான மின்சாரம் பெரும்பாலும் சுவரிலிருந்து வரும், பேட்டரி அப்படியே இருக்கும். வீட்டில் சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் இந்த வசதியின் அருமை தெரியும்.

நீண்ட பயணம் முடியுமா? முடியும், திட்டம் வேண்டும். வேக சார்ஜரில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, சார்ஜ் ஒரே சீராக ஏறாது. பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக ஏறும். 80ஐ நெருங்கும்போது வண்டியே வேகத்தைக் குறைத்துவிடும். நிரம்பிய நிலையில் அவசரமாகத் திணித்தால், லித்தியம் உள்ளே போக இடமில்லாமல் மின்முனையின் மேல் உலோகமாகப் படியும். அது பேட்டரிக்கு நிரந்தரச் சேதம். அதனால் 80லிருந்து 100 வரை ஏற ஆகும் நேரம், 10லிருந்து 80 வரை ஏறிய நேரத்தை எட்டிவிடுவதுண்டு. 80 ஆனதும் கிளம்புங்கள். ஒரு நீளமான நிறுத்தத்தைவிட இரண்டு குட்டி நிறுத்தம் மொத்தத்தில் சீக்கிரம் முடியும், பின்னால் காத்திருப்பவருக்கும் நல்லது.

சார்ஜரில் எழுதியிருக்கும் கிலோவாட் எண்ணும் உங்கள் வண்டி வாங்கும் எண்ணும் வேறு வேறு. இரண்டில் எது சிறியதோ அதுதான் கிடைக்கும். ஒரே சார்ஜரில் இரண்டு துப்பாக்கி (வண்டியில் செருகும் கைப்பிடி) இருந்து பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றால் பல இடங்களில் சக்தி பங்கு பிரியும். காலியான கம்பம் இருந்தால் அதற்குப் போங்கள். 400 வோல்ட் பேட்டரி உள்ள வண்டிகளில் பலவற்றுக்கு 10லிருந்து 80 வரை ஏற அரை மணி நேரம் வாக்கில் ஆகும். போர்ஷே டைக்கான், ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்ற 800 வோல்ட் வண்டிகள், தகுந்த சார்ஜர் கிடைத்தால் இருபது நிமிடத்தை ஒட்டி முடித்துவிடும். பேட்டரி குளிர்ந்து கிடந்தால் இந்த எண்கள் எதுவும் கிடைக்காது. வண்டியின் வழிகாட்டியில் சார்ஜரையே சேருமிடமாகப் போட்டால், பல வண்டிகள் போகும் வழியிலேயே பேட்டரியைத் தயார் செய்துகொள்ளும்.

நடைமுறையில் தொந்தரவு தருவது வேகத்தைவிட நம்பகத்தன்மை. போய்ச் சேர்ந்தால் திரை இருட்டாக இருக்கும், அல்லது பணம் கட்டும் செயலி உள்ளே விடாது. கிளம்புவதற்கு முன்பே அந்தப் பாதையில் உள்ள நிறுவனங்களின் செயலிகளைப் போட்டுக் கணக்குத் தொடங்கி, முடிந்தால் பணமும் போட்டுவையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு ஓடிபிக்காகக் காத்திருப்பது கொடுமை. கடைசியாக யாராவது எப்போது அங்கே வெற்றிகரமாகச் சார்ஜ் போட்டார்கள் என்று பயனர் குறிப்புகளில் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 15 சதவீதத்துக்குக் குறையாமல் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். ஒன்று வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போக அது போதும். ஒரே ஒரு சார்ஜர் மட்டும் உள்ள இடத்தை நம்பிப் பயணத்தை அமைக்க வேண்டாம். நான்கைந்து கம்பம் உள்ள இடத்துக்குக் கொஞ்சம் சுற்றிப் போனாலும் நல்லது.

ஓட்டும் அனுபவம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சத்தமில்லை, காலை வைத்ததும் பாய்கிறது. உண்மைதான். நான் சேர்க்க விரும்புவது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை மெதுவாக்கும் பழக்கம் பற்றி. நகர நெரிசலில் ஒரே பெடலால் ஓட்டுவது அவ்வளவு இதம். ஆனால் காலைப் படக்கென்று எடுத்தால் பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றும், குமட்டும். எடுக்கும்போதும் காலைத் தடவி எடுப்பதுபோல் எடுக்க வேண்டும்; கொஞ்ச நாளில் வந்துவிடும். பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தாலோ ரொம்பக் குளிர்ந்திருந்தாலோ இந்தத் தடுப்பு பலவீனமாகிவிடும், ஏனென்றால் வரும் மின்சாரத்தை பேட்டரியால் வாங்கிக்கொள்ள முடியாது. மலைமேல் இருப்பவர்கள் 100 வரை ஏற்றிவிட்டு இறங்கத் தொடங்காதீர்கள். பின்னால் வருபவர்களுக்காகக் கவலைப்பட வேண்டாம்: பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதிப்படி, இப்படி மெதுவாகும்போது வேகம் ஒவ்வொரு நொடியும் மணிக்கு ஏறக்குறைய 4.7 கிமீக்கு மேல் குறைந்தால் பிரேக் விளக்கு எரிந்தாக வேண்டும்.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. பிரேக் மிகக் குறைவாகவே வேலை செய்வதால் பேட் தேய்வதற்கு முன் டிஸ்க் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, பின்னால் யாரும் இல்லாதபோது, பிரேக்கை நன்றாக அழுத்தி நிறுத்துங்கள், துரு தேய்ந்து போய்விடும். டயர் நேர்மாறு. பேட்டரியால் வண்டி சில நூறு கிலோ அதிக எடை, மோட்டாரின் இழுவையும் உடனடி. சிக்னலில் பாய்ந்து கிளம்பும் ஆசையை அடக்காவிட்டால் டயர் சீக்கிரம் போகும். மாற்றும்போது எடை தாங்கும் குறியீடு பழையதற்குக் குறையாமல் பார்த்துப் போடுங்கள். பல வண்டிகளில் ஸ்டெப்னி இருக்காது. ஜாக்கி வைக்கும்போது குறித்த இடத்தில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். தரைக்கு அடியில் பேட்டரி இருப்பது தெருவோர பஞ்சர் கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்காது.

புதியவர்களை ஆச்சரியப்படுத்துவது அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருக்கும், வண்டி உயிரே இல்லாமல் நிற்கும். கதவுப் பூட்டு, திரை, பெரிய பேட்டரியை இணைக்கும் ஸ்விட்ச் எல்லாம் 12 வோல்ட்டில்தான் இயங்குகின்றன. அது செத்தால் எதுவும் விழிக்காது. சாவியில்லாமலே திறந்து பழகியவர்கள், உள்ளே மறைந்திருக்கும் இயந்திரச் சாவி எங்கே, கதவை எப்படித் திறப்பது, 12 வோல்ட்டுக்கு வெளியிலிருந்து மின்சாரம் தர முனைகள் எங்கே என்பதை வாங்கிய வாரமே பார்த்துவையுங்கள். மூன்று நான்கு வருடம் ஆனதும் அதைச் சோதித்து, தேவைப்பட்டால் முன்கூட்டியே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்து கோளாறாகும்; தட்டையான லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

சர்வீஸில் பேச அதிகம் இல்லை. எஞ்சின் ஆயில், பெல்ட், ஸ்பார்க் பிளக் கிடையாது. பிரேக் திரவம், கூலன்ட், ஏசி ஃபில்டர், டயர், அவ்வளவுதான். பாறையிலோ உயரமான வேகத்தடையிலோ அடிப்பகுதி பலமாக மோதினால் மட்டும் அலட்சியம் வேண்டாம். உடனே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி உறைகளில் பலவும் ஐபி67 தரத்தில் அடைக்கப்பட்டவை, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை அது. மழையில் சார்ஜ் போடலாம். வெள்ளத்தில் நாள்கணக்கில் நின்ற வண்டியைச் சோதிக்காமல் இயக்குவது வேறு விஷயம், அதைச் செய்யக் கூடாது.

சில வாரங்கள் வெளியூர் போவதாக இருந்தால் 50 சதவீதம் வாக்கில் விட்டுப் போங்கள். நிற்கும்போது சுற்றிலும் படம்பிடிக்கும் கேமரா வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது ஒரு நாளைக்குச் சில சதவீதம் தின்னும். மின்வெட்டின்போது வண்டியிலிருந்தே விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் ஓட்டும் வசதி உள்ள வண்டிகளும் இருக்கின்றன. ஐயோனிக் 5 போன்றவை 3.6 கிலோவாட் வரை தரும். இரண்டு வண்டிகளுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் இருந்தால் நான் இந்த வசதி உள்ளதையே எடுப்பேன்.

கடைசியாக, பழைய மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்களுக்கு. ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். திறந்த வெயிலில் நின்றதா, தினமும் வேக சார்ஜரிலேயே சார்ஜ் ஏறியதா என்று கேளுங்கள். பேட்டரியின் ஆரோக்கியச் சதவீதத்தை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். திரை காட்டும் ரேஞ்ச் எண்ணை நம்ப வேண்டாம், அது முந்தைய ஓட்டுநர் எப்படி ஓட்டினார் என்பதையும் பொறுத்தது. முடிந்தால் 90 சதவீதத்தில் தொடங்கி 20 வரை நீங்களே ஓட்டிப் பார்த்து, எத்தனை யூனிட் செலவானது என்று திரையில் குறித்துக்கொள்ளுங்கள். அதை 0.7ஆல் வகுத்தால் இன்று அந்த பேட்டரியில் மீதமுள்ள கொள்ளளவு ஏறக்குறைய தெரிந்துவிடும். வாகனம் புதிதாக இருந்தபோது பயன்பாட்டுக்குக் கிடைத்த யூனிட் எவ்வளவு என்பதோடு ஒப்பிட்டு, உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் விலை பேசுங்கள்.